தண்ணீரின் எடை

சமையலறையில் மூன்று பெண்கள் இருந்தார்கள். மாமியார் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். மருமகள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மகள், கட்டி முடித்த ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்குத் தெரிந்த விஷயம் மூன்றாவது ஆளுக்குத் தெரியாது என்பதால், அன்று காலை பாத்திரச் சத்தம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்த விஷயம் நமக்குத் தெரியும். போன வாரம் இதே அடுப்புக்குப் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்டோமே! இந்த வாரம்தான் வந்து சேர்ந்திருக்கிறவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம்.

மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் முயல். குளிக்கக் கூப்பிட்டால் பிடிக்கு அகப்படாமல் ஓடிய வயதில் வந்த பெயர். இப்போது அவள் ஐயாயிரம் மீட்டர் ஓட்டக்காரி. அவள் ஓடுகிற க்ளப்பில்தான் அவள் அண்ணிக்கும் வேலை. யார், எப்போது, எதை, எவ்வளவு சாப்பிட்டால் நன்றாக ஓட முடியும் என்று சொல்கிற ஊட்டச்சத்து நிபுணர். முயல் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கோச்சிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அண்ணி இந்த வேலைக்கு நேர்வழியில் வந்துவிடவில்லை. மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் உப்பில்லாச் சாப்பாடு எழுதிக்கொண்டிருந்தவள். வேலை முடிந்து வந்து, சாயங்காலங்களில் படித்து, விளையாட்டு ஊட்டச்சத்தில் தேர்வு எழுதினாள். நீச்சல் குளமொன்றில் சம்பளமே இல்லாமல் ஈரத் தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அனுபவம் தேடினாள். சொந்தக்காரர்கள் அவளைப் பார்த்தால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "நான் எப்படி இளைக்கிறது, சொல்லேன்" என்பார்கள். தன் வேலையே சாப்பிட மாட்டேன் என்கிறவர்களைச் சாப்பிட வைப்பதுதான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கடைசியில் இந்த க்ளப் அவளைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டது. நிரந்தரமா இல்லையா என்று மேனேஜர் இன்றைக்குச் சொல்வதாக ஏற்பாடு.

இனி போன வாரத்து விஷயம். பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அண்ணியிடம் முயல் வந்து நின்று, மாதவிலக்கு நின்று பல மாதமாகிறது என்றாள். கணுக்காலுக்கு மேலே ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி, வலிக்கிறது என்றாள். ஓட்டத்துக்கு ஏற்ற சாப்பாடு உடம்புக்குப் போகாவிட்டால் முதலில் மாதவிலக்கு நிற்கும், பிறகு எலும்பு பலமிழக்கும். அண்ணி படித்த முதல் பாடமே அதுதான்.

"டாக்டர்கிட்ட சொல்லணும்" என்றாள் அண்ணி.

"நான் அண்ணிகிட்டதான் சொன்னேன். க்ளப்புகிட்ட சொல்லல" என்று அழுதாள் முயல்.

அழுகிற பெண்ணிடம் அண்ணி ஒரு பேரம் பேசினாள். நன்றாகச் சாப்பிட வேண்டும், எடை நாற்பத்தெட்டு கிலோவுக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்காமல் இருந்தால் தேசிய அணிக்கான தேர்வு ஓட்டம் முடிகிற வரைக்கும் வாய் திறக்க மாட்டேன், முடிந்த மறுநிமிஷம் டாக்டரிடம் போக வேண்டும். முயல் தலையை ஆட்டினாள். படித்த பெண், அனுபவம் உள்ள பெண், இப்படி ஒரு பேரம் பேசலாமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அவளே ஒரு வாரமாகத் தூக்கமில்லாமல் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

தேர்வு ஓட்டம் இன்றைக்கு.

"தட்டுல ஒரு முட்டையாவது வை. வெறும் ரொட்டியும் வாழைப்பழமும் தின்னுட்டு எப்படி ஓடுவா?" என்றார் மாமியார்.

"இது ஓடி முடிச்சப்புறம் சாப்பிட, அத்தை. இப்ப முட்டை சாப்பிட்டா வயித்துலேயே நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே அண்ணி முட்டைகளை டப்பாவில் அடைத்தாள்.

"முட்டைக்குக்கூட நேரம் காலம் பாக்கணுமா! சோத்தைத் தராசுல வச்சுச் சாப்பிட்ட குடும்பமா இது? வந்துச்சும்மா உன் படிப்பு, அடுப்பு பக்கத்துல தராசும் வந்துச்சு."

குத்தலாகச் சொன்னாலும் அவர் முகத்தில் சந்தோஷம்தான். மகள் ஒரு வாரமாக மறுக்காமல் சாப்பிடுகிறாள். மருமகள் எடைபோட்டு வைத்ததையெல்லாம் தட்டில் மிச்சமில்லாமல் முடிக்கிறாள். ஒரு தாய்க்கு வேறென்ன வேண்டும்?

அண்ணன் தலை வாரிக்கொண்டே உள்ளே வந்தான். லிஃப்ட் மெக்கானிக். இன்று லீவு.

"எத்தனை கட்டடத்துல லிஃப்ட் நின்னாலும் நிக்கட்டும், எல்லாரும் படியேறி நடக்கட்டும். என் தங்கச்சி ஓடுறதை நான் பாக்கணும்" என்றவன், மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "உனக்கு என்ன, நீயே ஓடப்போற மாதிரி வேர்த்திருக்கு?"

"அடுப்புச் சூடு" என்றாள் அண்ணி. அடுப்பை மாமியார் அணைத்து வெகுநேரமாகியிருந்தது.

முயலும் அண்ணியும் ஸ்கூட்டரில் முன்னால் கிளம்பினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த முயல் வழியெல்லாம் பாட்டிலைத் திறந்து குடிப்பதும் மூடுவதுமாக வந்தாள். கண்ணாடியில் அதைப் பார்த்த அண்ணி, "குட் கேர்ள், தண்ணி குடிக்க நான் சொல்லாமலே பழகிட்டே" என்று பாராட்டினாள். முயல் காலி பாட்டிலை மூடிப் பைக்குள் போட்டாள். சிக்னலில் நின்றபோது இரண்டாவது பாட்டிலை எடுத்தாள். அண்ணியின் கவனம் அதற்குள் பச்சை விளக்கின்மேல் போய்விட்டது.

மைதானத்தின் ஓரத்தில், உடைமாற்றும் அறைக்கு வெளியே, அண்ணிக்கு ஒரு மேஜை. அவள் க்ளப்பில் சேர்ந்த புதிதில் ஒரு பெண் பயிற்சியின்போது மயங்கி விழுந்தாள். அதைச் சாக்காக வைத்து அண்ணி ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தாள். பெரிய ஓட்டத்துக்கு முன்னால் எல்லோரும் அவள் மேஜைக்கு வர வேண்டும். எடைமேடையில் ஏற வேண்டும். சிறுநீர் ஒரு சொட்டு கொடுக்க வேண்டும். பேனா அளவுக் கருவி ஒன்றில் அந்தச் சொட்டை வைத்து வெளிச்சத்துக்கு நேரே கண்ணில் பிடித்தால், உடம்பில் தண்ணீர் குறைவா, அளவா, அதிகமா என்று உள்ளே தெரிகிற கோடு சொல்லிவிடும். எல்லாம் சரியென்றால் மணிக்கட்டில் பச்சைப் பட்டை. பட்டை இல்லாதவர்கள் கோட்டில் நிற்க முடியாது.

இதற்காக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோச்சுக்கு இந்தப் பட்டையைக் கண்டாலே ஆகாது. கழுத்தில் தொங்குவதை வாயிலிருந்து எடுக்காமலே பேசுவதால் அவருக்கு விசில் என்று பெயர். "ஓடுறவனுக்குக் காலும் மூச்சும் போதும், இந்த அம்மா ஒண்ணுக்குப் போறதையெல்லாம் கேக்குது" என்று க்ளப் முழுக்கச் சொல்லிச் சிரித்தவர் அவர். முயலிடம், "ஒரு கிலோ குறைஞ்சா நீ பறப்பே" என்று சொன்னவரும் அவர்தான்.

இன்று விசிலும் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மேனேஜரும் வந்திருந்தார். நிதானமாகப் பேசுகிற, நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பெண்மணி. இரண்டு பையன்கள் பட்டை கட்டிக்கொண்டு போனார்கள். மூன்றாவதாக முயல் எடைமேடையில் ஏறினாள்.

நாற்பத்தெட்டைத் தாண்டி முள் நின்றது.

அண்ணிக்கு மூச்சு வந்தது. ஒரு வாரச் சோறும் பாலும் வீண்போகவில்லை. தான் பேசிய பேரம் தப்பில்லை, நிரந்தர வேலையும் கிடைக்கப்போகிறது, கால்வலியும் சாப்பிடச் சாப்பிடச் சரியாகிவிடும் என்று ஒன்றன்பின் ஒன்றாக மனம் கணக்குப் போட்டது. மேனேஜரைப் பார்த்துச் சின்னதாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

"பாத்தீங்களா, எம் பொண்ணு! பட்டையைக் கட்டு அண்ணி" என்றார் விசில்.

அண்ணி சொட்டைக் கருவியில் வைத்தாள். கண்ணில் பிடித்தாள். கோடு அடியிலேயே படுத்துக் கிடந்தது. குழாய்த் தண்ணீரை வைத்தால் எங்கே நிற்குமோ, ஏறக்குறைய அங்கே.

கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே இடம்.

அவள் நிமிர்ந்து முயலைப் பார்த்தாள். வெயில் ஏறிய காலையில் அந்தப் பெண்ணின் கைகளில் மயிர்க்கூச்செடுத்திருந்தது. பனியனுக்குக் கீழே வயிறு லேசாக உப்பியிருந்தது. வழியெல்லாம் திறந்து மூடிய பாட்டில் அப்போதுதான் அண்ணிக்குப் புரிந்தது.

"என் கூட வா" என்றாள்.

"இங்கேயே பேசுங்க அண்ணி."

"வா."

உடைமாற்றும் அறையில் யாரும் இல்லை. அண்ணி கதவைச் சாத்தினாள்.

"எவ்வளவு குடிச்சே?"

"தாகமா இருந்துச்சு."

"முயல், இந்த வேலைதான் நான் பாக்கிறேன். என்கிட்டயே இதைச் சொல்லாதே. எவ்வளவு?"

"ரெண்டு பாட்டில். வீட்டுல கொஞ்சம்." முயல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்கதானே நம்பர் சொன்னீங்க. நம்பரைக் கொண்டு வந்துட்டேன். ஓடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாத்ரூம் போனா எல்லாம் போயிடும். லேசா ஓடிடுவேன்."

"அப்போ இந்த வாரம் பூரா நான் பாத்த எடை?"

முயல் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள்.

"சாப்பிட்டியே! தட்டு தட்டா நான்தானே போட்டேன். அதெல்லாம் எங்க போச்சு?"

"பயமா இருந்துச்சு அண்ணி. இவ்வளவு சாப்பிட்டா கனமாயிடுவேன்னு... சாயங்காலம் தோழி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்ல, அங்க போகல. ஓடினேன்."

அண்ணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஓடாதே என்று நிறுத்த வேண்டிய கால்களை, தான் போட்ட ஒவ்வொரு கரண்டிச் சோறும் இன்னும் கொஞ்சம் ஓட வைத்திருக்கிறது. எலும்பு தேறட்டும் என்று அவள் வைத்த எண்ணே எலும்பைத் தின்றிருக்கிறது. எடைமேடையை ஏமாற்ற ஓட்டக்காரிக்கு எத்தனை வழி உண்டு என்று வகுப்பு எடுக்கிறவள், சொந்த நாத்தனாரிடம் ஏமாந்து நிற்கிறாள்.

"கால் எப்படி இருக்கு?"

"கால் இருக்கு."

"விளையாடாதே. ஒத்தக் கால்ல குதி பாப்போம்."

முயல் இடது காலில் குதித்தாள். வலது காலில் ஒருமுறை குதித்தாள். முகம் சிரித்தபடியே இருந்தது. கை மட்டும் அலமாரிக் கதவைப் பிடித்திருந்தது, பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"அண்ணி, இன்னிக்கு மட்டும். இன்னிக்கு ஓடிட்டேன்னா தேசிய அணி. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கிறேன். அம்மா மேல சத்தியம்."

"உங்கம்மாவை இதுல இழுக்காதே."

"நீங்க வாக்கு குடுத்தீங்க!"

"குடுத்தேன். குடுத்திருக்கக் கூடாது" என்று அண்ணி எழுந்தாள்.

வெளியே வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "பட்டை இல்ல சார். இவ ஓடல. உடனே டாக்டர் பாக்கணும்" என்றாள்.

விசில் வாயிலிருந்து விசிலை எடுத்தார். எதற்கும் எடுக்காத மனிதர்.

"எதுக்கு? எடை இருக்கு. தண்ணி குடிச்சிருக்கா. தண்ணி குடிங்க தண்ணி குடிங்கன்னு உயிரை எடுத்தது நீங்கதானே?"

"காரணத்தை டாக்டர்கிட்ட சொல்றேன்."

"எங்கிட்ட சொல்லக்கூடாதா? உங்க மாமியார் வீட்டுச் சண்டையை மைதானத்துக்குக் கொண்டு வராதீங்க, அண்ணி."

வேலிக்கு அப்பால் மாமியாரும் அண்ணனும் வந்து சேர்ந்திருந்தார்கள். மாமியார் குடை பிடித்திருந்தார். என்ன நடக்கிறது என்று தெரியாமல் கையசைத்தார். முயல் கையசைக்காமல் நிற்பதைப் பார்த்ததும் அண்ணன் வேலியோரம் ஓடி வந்தான்.

"என்ன ஆச்சு? ஏன் அவ அழறா?"

"அவ ஓட வேண்டாம்ங்க."

"யார் சொன்னா?"

"நான்தான்."

"உனக்கென்ன பைத்தியமா? எத்தனை வருஷமா இதுக்காக... ஏய், என்னைப் பாத்துப் பேசு!"

அவள் அவனைப் பார்க்கவில்லை. மேனேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் குரலை உயர்த்தாமல் சொன்னார். "இவளை நிறுத்திட்டா இன்னிக்குப் பெண்கள் ஓட்டத்துல நம்ம க்ளப்புக்கு ஆளே இல்ல. அது உங்களுக்குத் தெரியும். உங்க விஷயமும் இன்னிக்குத்தான் பேசணும். அதுவும் தெரியும்."

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சும் சொல்றீங்க."

"ஆமாம் மேடம்."

மேனேஜர் டாக்டருக்குப் போன் செய்தார். விசில் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் அடித்துவிட்டு நடந்தார். அடித்த வேகத்தில் பச்சைப் பட்டைகள் புல்லில் சிதறின.

மைதானத்தை ஒட்டியே க்ளப்பின் மருத்துவமனை. முயலை ஸ்கேன் அறைக்குள் அனுப்பிவிட்டு, அண்ணி கதவுக்கு வெளியே நின்று டாக்டரிடம் ஆரம்பித்தாள். இளைஞர், பொறுமையானவர். தண்ணீர் குடித்ததைச் சொன்னாள், கால்வலியைச் சொன்னாள். மாதவிலக்கையும் பேரத்தையும் சொல்வதற்குள் உள்ளேயிருந்து நர்ஸ் அவரைக் கூப்பிட்டுவிட்டாள். வாய்வரைக்கும் வந்தது அப்படியே நின்றது. கூப்பிட்டது நல்லதாகப் போயிற்று என்று அவள் மனத்தின் ஒரு மூலை நினைத்தது. அப்படி நினைத்ததற்காக அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மைதானத்தில் துப்பாக்கி வெடித்தது. ஓட்டம் ஆரம்பித்துவிட்டது. ஸ்கேன் அறைக் கதவுக்குப் பின்னால் அசையாமல் படுத்திருக்க வேண்டிய ஒரு பெண்ணுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். அண்ணி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கூட்டத்தின் இரைச்சல் ஏறி, இறங்கி, அடங்கியபிறகு டாக்டர் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். முயல் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அவள் தலைமாட்டில். மாமியார் குடையை மடக்காமலே உள்ளே கொண்டுவந்து ஒரு மூலையில் சாய்த்தார். மேனேஜர் கதவருகில்.

டாக்டர் திரையில் காட்டினார். வெள்ளையாகத் தெரிந்த எலும்பில் நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு.

"விரிசல். முழுசா உடையல. ஆனா இன்னிக்கு ஓடியிருந்தா, பாதி ஓட்டத்துலயே உடைஞ்சிருக்கும்."

"ஐயோ" என்று மாமியார் மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் மனைவியைப் பார்த்தான். வேலியோரம் கத்தியதற்கு அந்தப் பார்வையிலேயே மன்னிப்புக் கேட்டான்.

மாமியார் எழுந்து வந்தார். வந்து மருமகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அப்படிப் பிடித்ததில்லை.

"தராசு தராசுன்னு உன்னைக் கிண்டல் பண்ணேன். நீதான்மா எம் பொண்ணு காலைக் காப்பாத்தினே."

"உங்களை வேலைக்கு எடுத்தது சரிதான்னு நான் சொல்லிக்கலாம்" என்றார் மேனேஜர். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு. "சாயங்காலம் ஆபீசுக்கு வாங்க, பேசி முடிச்சுடலாம்."

ஒரு நிமிஷம் அந்த அறையில் எல்லோரும் நன்றாக இருந்தார்கள். டாக்டர் மட்டும் தன் வேலையைப் பார்த்தார்.

"வலி எப்போலேர்ந்து?" என்று முயலிடம் கேட்டார்.

முயல் அண்ணியைப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலம். அண்ணிகிட்ட இன்னிக்குக் காலைலதான் சொன்னேன்."

"மாதவிலக்கு?"

"ஒழுங்கா வருது."

டாக்டரின் முகம் தெளிந்தது. "அப்போ பரவாயில்ல. திடீர்னு விழுந்த சுமை. காலுக்கு பூட்ஸ் போட்டு ஓய்வு எடுத்தா சீக்கிரம் கூடிடும். மூணு மாசம் கழிச்சு இன்னொரு தேர்வு இருக்கு இல்ல? பாக்கலாம். ரொம்ப நாளா மாதவிலக்கு நின்னுபோய், அதுக்கு மேல இந்த விரிசல்னா கதையே வேற. எலும்போட பலத்தை அளக்கணும், இந்த வருஷம் ஓட்டமே கிடையாது."

முயலின் கண் அண்ணியின் முகத்தைவிட்டு நகரவில்லை. உங்களையும் காப்பாத்திட்டேன், என்னையும் காப்பாத்திட்டேன், வாயை மூடிக்கிட்டு இருங்க என்றது அந்தப் பார்வை. பதிலுக்கு ஒன்றுமே சொல்ல வேண்டாம். சும்மா நின்றால் போதும். மாமியாரின் கை வெதுவெதுப்பாக இருந்தது. சாயங்காலம் நிரந்தர வேலை. ஈரத் தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்த காலமெல்லாம் முடிந்துபோகும். மூன்று மாதத்தில் அந்த எலும்பு மறுபடி ஓடும், இந்த முறை முழுசாகவே உடையும்.

"இல்ல டாக்டர்" என்றாள் அண்ணி.

"அண்ணி!" என்று கட்டிலிலிருந்து எழப் பார்த்தாள் முயல்.

"வலி நேத்து வந்தது இல்ல. மாதவிலக்கு நின்னு பல மாசமாச்சு. சாப்பிடுறதுக்கு மேல ஓடிக்கிட்டு இருந்திருக்கா. இதெல்லாம் எனக்குப் போன வாரமே தெரியும். அவ சொன்னா. நான் யார்கிட்டயும் சொல்லல. எடை குறையாம பாத்துக்கோ, நான் சொல்லாம இருக்கேன்னு அவகிட்ட பேரம் பேசினேன். அந்த எடைக்காகத்தான் அவ தண்ணி குடிச்சா. சாப்பிட்டது ஏறிடுமோன்னு பயந்துதான் தினம் சாயங்காலம் தனியா ஓடினா."

அண்ணன் மனைவியை அடையாளம் தெரியாதவனைப்போல் பார்த்தான்.

டாக்டர் திரையைப் பார்த்தார். கேட்க விருப்பமில்லாமல் கேட்கிறவரைப்போல, "போன வாரம் நிறுத்தியிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"இந்தக் கோடு வந்திருக்காது" என்று அண்ணியே முடித்தாள்.

முயல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஒரு வருஷம் என்று அவள் சொன்னாளா, சும்மா அழுதாளா என்று தெரியவில்லை. மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சாயங்காலம் வர வேண்டாம். நானே கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல குரலிலா கெட்ட குரலிலா என்று கண்டுபிடிக்கிற நிலையில் அண்ணி இல்லை.

மாமியார் அவள் கையை எப்போது விட்டார் என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. அவர் கட்டிலுக்குப் போய் மகளின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

பிறகு டாக்டரைப் பார்த்துக் கேட்டார்.

"இவளுக்கு இனிமே என்ன சாப்பாடு குடுக்கணும், சொல்லுங்க."

டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டே, பழக்கத்தில் சொல்லிவிட்டார். "அதெல்லாம் நம்ம அண்ணி இருக்காங்களே, அவங்ககிட்ட கேட்டுக்குங்கம்மா."

மாமியார் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவங்க வேண்டாம். வேற யாராவது இருந்தா சொல்லுங்க."